முன்னால் ஒரு வார்த்தை

அக்கா என்னை 'டேய்' போடாமல் பேச ஆரம்பித்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நோய் மனிதரைப் பக்குவப்படுத்தும் என்று யாரோ சொன்னதை நம்பி, புது மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினேன்.

"சாவியை ஆணியில மாட்டு."

"ஜன்னலைத் திற."

'டேய்' இல்லை. 'எருமை' இல்லை. நினைவு தெரிந்த நாள் முதலாக என்னோடு ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பட்டங்களும் ஒரே வாரத்தில் உதிர்ந்துவிட்டன. ஒருவேளை நானும் மனிதன்தானோ என்று யோசிக்கத் தொடங்கினேன்.

பேசியது அக்கா இல்லை, பெட்டி. தொண்டையில் வந்த கட்டியை அறுத்து எடுத்தபோது டாக்டர்கள் குரலையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். எங்கள் கம்பெனி செய்வது குரல் போனவர்களுக்கான பேசும் பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவு, ஒரு சின்னத் திரை, கீழே எழுத்துப் பலகை. தட்டினால் பேசும். ஒரு பெண் குரல். செய்தி வாசிப்பவள்போல ஏற்ற இறக்கம் இல்லாமல், வீடு தீப்பிடித்தாலும் மழை வரும் என்பதுபோலச் சொல்லும்.

அந்தப் பெட்டிக்கு டிரைவர் எழுதுகிறவன் நான். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை. பெட்டியின் மூளைக்கும், உள்ளே சத்தத்தை உண்டாக்கும் சிப்புக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் சொல்லும் தரகன். நிஜ டிரைவர் அக்காதான். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்தவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள்.

"நானும் டிரைவர், நீயும் டிரைவர்" என்று குரல் இருந்த காலத்தில் சொல்வாள். "என் ஆளுங்க இடிச்சா போலீஸ் பிடிக்கும். உன்னுது இடிச்சா யாருடா பிடிப்பா?"

பிடித்தது வாலு.

வாலு அக்காவின் ஒரே மகள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அக்கா வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் மேல் மாடியில் குடியிருந்துகொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் கீழே இறங்கி வந்து, குடும்பத்தைக் காப்பாற்றுவதாக ஊரை நம்பவைத்துக்கொண்டிருந்தேன். வாலுவுக்கு அப்போதுதான் தூரத்து ஊர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது.

ஒரு சாயங்காலம் மாடிக்கு வந்து படியில் உட்கார்ந்தாள். முகம் சரியில்லை.

"மாமா, ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மா என்னை வாலுன்னு கூப்பிடறதே இல்ல. கவனிச்சீங்களா?"

"என்னைக்கூடத்தான் டேய்னு கூப்பிடறதில்ல. நான் சந்தோஷமா இல்லையா?"

"நீங்க லூசு மாமா. அம்மா எங்கிட்ட ஏதோ கோவமா இருக்காங்க."

கீழே போய் அக்காவிடமே கேட்டோம். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பெட்டியில் ஒரே ஒரு வார்த்தையைத் தட்டி, திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். 'வாலு' என்று இருந்தது. பொத்தானை அழுத்தினாள். பெட்டிக்குள் லேசாக 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி அழுத்தினாள். டக்.

அவள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். என்னையும் திட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். ஒவ்வொரு வாக்கியத்திலும் முதல் வார்த்தையைப் பெட்டி தின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அன்பு எப்போதும் முதல் வார்த்தையிலேயே தீர்ந்துவிடும்; மிச்சமெல்லாம் வேலை ஏவல்தான்.

மறுநாள் அலுவலகத்தில் என் மேசைப் பெட்டியில் சோதித்தேன். சோதனைக்கு நான் எப்போதும் தட்டுவது ஒரே வார்த்தை: கத்திரிக்காய். மற்றவர்கள் 'ஒன்று இரண்டு மூன்று' என்பார்கள், 'வணக்கம்' என்பார்கள். எனக்கு என்னவோ கத்திரிக்காய்தான். அலுவலகத்தில் பட்டப்பெயரும் அதுதான். வீட்டிலும் தெரியும். வாலு சின்னப் பெண்ணாக இருந்தபோது என் மேசைக்கு வந்தால் முதலில் அதைத்தான் தட்டிக் கேட்பாள்.

"கத்திரிக்காய்" என்றது பெட்டி, முழுசாக.

"இங்க நல்லாத்தானே பேசுது" என்றேன்.

பக்கத்து மேசை ஸ்கோப் அம்மா திரும்பிப் பார்த்தார். சர்க்யூட் போர்டு செய்கிறவர். மின்சாரத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப் கருவியை இடுப்புக் குழந்தை மாதிரி எங்கும் தூக்கிக்கொண்டு போவதால் அந்தப் பெயர்.

"உன்னுது எப்பவும் சார்ஜர்லயே கெடக்கு, கத்திரி. தூங்கறதே இல்ல. வயரைப் புடுங்கிட்டுப் பேச வை பாப்போம்."

பிடுங்கினேன். கொஞ்ச நேரம் சும்மா விட்டேன். பிறகு அழுத்தினேன்.

"காய்" என்றது பெட்டி.

விஷயம் இதுதான். பேட்டரியை மிச்சப்படுத்த, பேசாத நேரத்தில் சிப் கண்ணயர்ந்துவிடும். எழுப்பும்போது அதை ரீசெட் செய்ய வேண்டும். அதற்கென்று இருக்கும் ஒரு கம்பியை இழுத்துப் பிடித்து, 'பழசையெல்லாம் மற, புதுசாய்ப் பிற' என்று சொல்லி விடுவது. விட்ட உடனே அதனால் பேச முடியாது. உள்ளே மின்சாரம் நிலைக்க வேண்டும், அதன் கடிகாரம் சீராக வேண்டும். கிட்டத்தட்ட ஒரு விநாடி. அதன் பிறகு 'தயாரா?' என்று கேட்டுவிட்டுச் சத்தத்தை அனுப்ப வேண்டும்.

நானும் கேட்டேன். கேட்காமல் இல்லை. ஆனால் கம்பியை விட்ட கையோடு கேட்டேன். ரீசெட் இன்னும் உள்ளே போய்ச் சேர்ந்திருக்காது. அதனால் சிப் 'தயார்' என்றது. அது தூங்கப் போகும் முன்னால் சொல்லி வைத்த பழைய தயார். அதை நம்பி என் டிரைவர் முதல் வார்த்தையை அனுப்பிவைக்கும். சிப் அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்.

திருத்துவது கஷ்டமில்லை. ஆனால் மருத்துவச் சாதனம். என் இஷ்டத்துக்கு ஒரு விநாடி கூட்டிவிட முடியாது. எல்லாச் சோதனைகளும் முடிந்து அனுமதி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் என்ன செய்வது? எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு: திருத்த முடியாத ஓட்டைக்குத் தீனி போடுவது.

டிரைவரைத் தொடாமல், அக்காவின் பெட்டியில் தட்டும் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன வசதி சேர்த்தேன். அவள் எது தட்டினாலும் அதற்கு முன்னால் ஒரு வார்த்தை தானாகச் சேர்ந்துகொள்ளும். திரையில் தெரியாது. அந்த வார்த்தையைப் பெட்டி தின்னும், அக்கா சொல்வது முழுசாக வரும். 'கத்திரிக்காய்' என்றே வைத்துக் கொடுத்தேன்.

"காய் டேய் எருமை" என்றது பெட்டி.

வாலு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

"காய் வாலு, உன் மாமாவுக்கு வாய்தான் நீளம்னு நெனச்சேன். வார்த்தையும் நீளம்."

"சின்னதா ஒண்ணு போட்டுக்கோ. இதோ, இங்கதான் மாத்தணும்" என்று காட்டிக் கொடுத்தேன். "எது வேணா போடு. யாருக்கும் கேக்கப் போறதில்ல."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு எதையோ தட்டினாள். அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது. "வாலு, சாப்பிட வா." "டேய், சட்டையை மாத்துடா, நாறுது." வீட்டுக்குப் பழைய களை வந்துவிட்டது.

களை வந்தது என்றுதான் நினைத்தோம். அக்கா மெலிந்துகொண்டே போனாள். நாற்காலியில் உட்காரும்போது கைப்பிடியை இறுகப் பிடிப்பாள். வாலு தினமும் கேட்பாள்: "வலிக்குதாம்மா? வலிச்சா சொல்லு. இந்த வருஷம் போகலைன்னா ஒண்ணும் குடி முழுகிடாது."

"வாலு, ஒண்ணும் இல்ல. நீ பெட்டியைக் கட்டு."

டாக்டரும் கேட்டார். வலி அதிகமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்றார். "பரவாயில்ல டாக்டர், தாங்கிக்கலாம்" என்றது செய்தி வாசிக்கும் குரல். வெளியே வந்ததும் அக்கா என் காதருகே பெட்டியைத் தூக்கிப் பிடித்தாள்.

"டேய், இந்த சீட் போனா மறுபடி கிடைக்காது. அவ வண்டி ஏறற வரைக்கும் ஒருத்தரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கக் கூடாது. அவ போகணும். அவ்வளவுதான் எனக்கு."

நானும் காலையில் வேலைக்குப் போகும் அவசரத்தில், ஒரு கால் செருப்பில் இருக்கும்போதே, "எப்படிக்கா இருக்கே?" என்று கேட்பேன். "நல்லாத்தான் இருக்கேன், ஓடு" என்று பதில் வரும். ஓடிவிடுவேன்.

வாலு கிளம்புவதற்குச் சற்று முன்னால் புது டிரைவருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அக்காவிடம் வாய் கொள்ளாத சிரிப்போடு சொன்னேன்.

"டேய், வேண்டாம். இப்படியே இருக்கட்டும்."

"ஏங்க்கா? இனிமே முன்னாடி எதுவும் போட வேண்டியதில்ல."

"பழகிடுச்சு. விடு."

எனக்கு வேலை வைக்கக் கூடாது என்று நினைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். என் மூளை எப்போதும் எனக்குச் சாதகமாகத்தான் தீர்ப்புச் சொல்லும். வாலு கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், பெட்டி சார்ஜரில் இருந்தபோது, சத்தமில்லாமல் புது டிரைவரை ஏற்றிவிட்டேன். மகள் கிளம்பும்போது அக்கா பேசும் பேச்சு முதல் எழுத்திலிருந்து சுத்தமாக வரட்டும், ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன். முன்னால் சேரும் வார்த்தையை நிறுத்த வேண்டும் என்பது இந்த மேதைக்குத் தோன்றவே இல்லை.

காலையில் டாக்சி வந்து நின்றது. வாசலில் இரண்டு பெட்டி, ஒரு தலையணை. வாலு அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். அக்கா தட்டி முடித்து அழுத்தினாள். பெட்டி ஒரு விநாடி அமைதியாக இருந்தது. என் விநாடி. நான் கதவோரம் நின்று பெருமையோடு எண்ணினேன்.

"வலிக்குது வாலு, டிக்கெட்டை எடுத்துக்கிட்டியா?"

அக்காவின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். விரல்கள் பலகையில் ஓடின.

"வலிக்குது ஒண்ணும் இல்ல."

"அம்மா?" என்றாள் வாலு.

"வலிக்குது எனக்கு ஒண்ணும் வலிக்கல. நீ கிளம்பு."

அதே குரல். மழை வரும் என்பதுபோல. மறுக்க மறுக்க அந்த வார்த்தை முன்னால் வந்து நின்றது. அக்கா இரண்டு கையாலும் பெட்டியின் ஒலிபெருக்கியைப் பொத்திக்கொண்டாள். குழந்தையின் வாயைப் பொத்துவதுபோல.

எனக்கு அப்போது ஒரே நேரத்தில் எல்லாமே புரிந்தது. சாப்பிடக் கூப்பிட்டதற்கு முன்னால், சட்டை நாறுகிறது என்பதற்கு முன்னால், 'பரவாயில்ல டாக்டர்' என்பதற்கு முன்னால், 'நல்லாத்தான் இருக்கேன், ஓடு' என்பதற்கு முன்னால். ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் என் டிரைவர் அதைத் தின்றிருக்கிறது.

வாய் என்று ஒன்று எனக்கு இருப்பது எதற்காக என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஐயையோ!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். "என் தப்பு! என் தப்பு! நேத்து புது ப்ரோக்ராம் ஏத்தினேன். டெஸ்ட் பண்றதுக்கு நான் போட்ட வார்த்தை அது. எடுக்க மறந்துட்டேன். குடுக்கா இப்படி. கடவுளே, என்னை வேலைக்கு வெச்சவனைச் செருப்பால அடிக்கணும்."

பெட்டியை வாங்கி அந்த இடத்தைத் திறந்தேன். கட்டத்துக்குள் அந்த ஒற்றை வார்த்தை உட்கார்ந்திருந்தது. அழித்தேன். அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாலு, உன் மாமாவை நம்பி வண்டி ஏறாதே. டாக்சிக்காரரை நம்பி ஏறு."

வாலு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். "டெஸ்டுக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா மாமா உங்களுக்கு?" என்றாள். அம்மாவின் கழுத்தில், தையல் போட்ட பக்கம் படாமல், முகத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். எழுந்து, பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். வண்டி தெருமுனை திரும்பும் வரை அக்கா ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிய பிறகும் ஆட்டினாள்.

நான் தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தேன்.

"ஏங்க்கா எங்கிட்டகூடச் சொல்லல?"

"டேய், தினமும் சொன்னேனே."

அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். மெதுவாக.

"சொல்லாம இருக்க முடியலடா. சொன்னா கொஞ்சம் லேசாகுது. கேட்டா அவ போக மாட்டா. நீதான் வழி சொன்னே. எது வேணா போடு, யாருக்கும் கேக்கப் போறதில்லன்னு."

கொஞ்ச நேரம் கழித்து, "பழைய டிரைவரையே போடு" என்றாள்.

"போட மாட்டேன்."

"அவ ஃபோன் பண்ணுவா. ஃபோன்ல கேக்கும்."

"ஃபோன் வரும்போது அந்த வார்த்தை தானா நிக்கற மாதிரி பண்றேன். டாக்டருக்குக் கேக்கட்டும். எனக்குக் கேக்கட்டும்."

"நீ தாங்க மாட்டே, எருமை."

"தாங்க மாட்டேன்தான். இருந்தாலும் கேக்கறேன்."

அந்த வார்த்தையை நானே மறுபடி அந்தக் கட்டத்தில் வைத்தேன். மென்பொருள் எழுதும் இத்தனை காலத்தில் இவ்வளவு கனமான எதையும் நான் தட்டியதில்லை.

அன்றைக்கே டாக்டரிடம் போனோம். "வலிக்குது வணக்கம் டாக்டர்" என்றது பெட்டி. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் அக்காவைப் பார்த்தார். மருந்தை மாற்றினார். சாயங்காலங்களில் நான் நாற்காலி போட்டுக்கொண்டு எதிரே உட்காருவேன். "வலிக்குது டேய், டீ ஆறிப்போச்சு." "வலிக்குது உன் ஸ்கோப் அம்மாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? விசாரிச்சியா?" சிரிப்பேன். சிரித்துக்கொண்டே அழுவது எப்படி என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் கொடுத்தவளும் அவள்தான். ஃபோன் வந்தால் மட்டும் அந்த வார்த்தை ஒதுங்கிக்கொள்ளும். "வாலு, ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படி?" என்று சுத்தமாகக் கேட்கும்.

ஒரு நாள் நான் உள்ளே நுழைந்தபோது பெட்டி, "டேய், வந்துட்டியா" என்றது. அவ்வளவுதான். முன்னால் எதுவும் இல்லை. ஃபோனும் இல்லை. மருந்து வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே குதூகலம்.

"வலி போயிடுச்சா அக்கா?"

"இல்லடா. தட்டறதுக்குத் தெம்பு குறைஞ்சுக்கிட்டே வருது. இருக்கற மட்டும் முதல் வார்த்தை டேய்யாவே இருக்கட்டுமேன்னு எடுத்துட்டேன்."

அதற்குப் பிறகு அவள் அதிகம் தட்டவில்லை. வாலுவை வரச் சொன்னேன். வந்தாள். அக்காவின் விரல் பலகைமேல் கிடந்தது, அழுத்தவில்லை. வாலு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், அது சூடு ஆறும் வரைக்கும்.

எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, பெட்டியைக் கம்பெனிக்குத் திருப்பித் தர எடுத்து வைத்தேன். வேறு யாருக்கோ போகும். உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஒரு தடவை சோதித்து அனுப்ப வேண்டும். வாலு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அன்னைக்கு டெஸ்ட் வார்த்தைன்னு சொன்னீங்களே."

"ஆமா. நான்தான் மறந்து—"

"நீங்க டெஸ்டுக்குக் கத்திரிக்காய்னுதானே போடுவீங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் பெட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். எழுதிய டிரைவரிலும் ஓட்டை, சொன்ன பொய்யிலும் ஓட்டை.

"அப்பவே தெரியுமா?"

"அப்பவே."

"தெரிஞ்சும் ஏன்மா போனே?"

"அம்மா அவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சாங்க. நீங்க அவ்வளவு கேவலமா பொய் சொன்னீங்க." மூக்கை உறிஞ்சினாள். "போகாம இருந்தா ரெண்டு பேருக்கும் அவமானமில்லையா மாமா. டாக்சில ஏறி உக்காந்ததும்தான் அழுதேன். டிரைவர் பாவம், வண்டியை ஓரமா நிறுத்தினாரு. 'உங்களுக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தது யாரு'ன்னு கேட்டேன், அவரும் அழுதாரு. அம்மாகிட்டதான் படிச்சாராம்."

பிறகு அவள் பெட்டியை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சார்ஜர் வயரைப் பிடுங்கினாள். அது கண்ணயரும் வரை காத்திருந்தாள். தட்டினாள். திரையை எனக்குக் காட்டவில்லை. அழுத்தினாள்.

பெட்டி காத்திருந்தது. நானும் காத்திருந்தேன்.

"கத்திரிக்காய்" என்றது, முதல் எழுத்திலிருந்து, ஒன்றும் விடாமல்.